கசிவு நீர், பாட்டில் எண் நான்கு

கரையின் காலடியில் ஒரு தகரப் பலகை,
நடுவில் கூராக ஒரு வெட்டு.
அதில் வழிகிற நீரின் உயரம்
ஏழு சென்டிமீட்டர்.
போன செவ்வாயும் ஏழு.

மேலே, கரைக்குள் இறக்கிய பதினெட்டுக் குழாய்களில்
ஐந்து அடைத்துக்கொண்டன.
ஒன்றில் யாரோ பல் துலக்கிய வேப்பங்குச்சி.
மற்றவற்றில் நாடாவை இறக்கி
நீரைத் தொடும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்,
கதவைத் தட்டிவிட்டு நிற்பவள் மாதிரி.
என் ஆய்வின் தலைப்பு மூன்று வரி நீளம்.
லஸ்கர் பூவராகனுக்கு அது இவ்வளவுதான்:
"தண்ணி போனா போவட்டும் மேடம்,
மண்ணைக் கூட்டிக்கிட்டுப் போவக் கூடாது."

ஐப்பசி மழை, நான்காம் நாள்.
ஏரி முட்ட நிற்கிறது.
நான்காவது பாட்டிலில்
வடித்த கஞ்சியில் இன்னும் நாலு செம்பு ஊற்றிய மாதிரி
ஒரு மங்கல்.
வெயில் இல்லாததால் அப்படித் தெரிகிறதென்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திட்டக்குடி லாட்ஜில் கரண்ட் இல்லை.
பாட்டிலை ஜன்னலில் நிறுத்தி
தெளியட்டும் என்று படுத்தேன்.
இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால்
அடியில் நகத்தின் கனத்துக்கு மண்.
கூடை கூடையாய்க் கொட்டி
மாடுகளை விட்டு மிதித்துக் கட்டிய மண்.
நூறு வருஷம் கழித்து
தேக்கரண்டி தேக்கரண்டியாய்க் கிளம்பிவிட்டது.

விடிந்து, முகம் கழுவி வந்தால்
பாட்டில் பளிச்சென்று நிற்கிறது.
"கலங்கலா இருந்துச்சுக்கா.
கழுவிட்டு கேன் தண்ணி புடிச்சு வெச்சேன்"
என்றான் ரூம் பையன் ஷாகுல், பெருமையாக.
லேபிளில் என் கையெழுத்து: எண் 4, தேதி, நேரம்.
அப்படியே அனுப்பினாலும்
சென்னையில் யாரும் கேட்க மாட்டார்கள்.
பார்க்கிறவருக்கு நிம்மதி தரும் தண்ணீர்.

முதல் பஸ்ஸில் திரும்பிப் போனேன்.
பூவராகன் எனக்கும் முன்னால் வந்து
குத்துக்காலிட்டு
வழிகிற நீரில் கை வைத்திருந்தார்.
கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு தேய்த்தார்.
எதுவும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார்.
நானும் தேய்த்தேன்.
நறநறவென்றது.

படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம் ஓர் அங்குலம்.
கலங்கல் என்று எழுதி, போதாமல்
பக்கத்துக் கட்டத்தின் மேலும் எழுதி,
செயற்பொறியாளரின் எண்ணைத் தேடுகையில்
பலகையைப் பார்த்தேன்.

அதே ஏழு.