மூடி எகிறிய நேரம்

வேலந்தாவளத்தில் பஸ் நின்றதும்
பாதிப்பேர் ஒரே பக்கமாக நடக்கிறார்கள்.
நாங்களும்.

பங்குனி. சுண்ணாம்பு தடவாத கலயம்.
“பனையோ தெங்கோ?” என்கிறான் சுகதன்.
தெரிந்துகொண்டே வருஷா வருஷம் கேட்பான்.
தென்னை எப்போதும் ஊறும்.
பனை கொஞ்ச நாள்தான் இரங்கும்,
அப்புறம் கத்தி பட்டாலும் பேசாது.

பால் சொசைட்டியில்
என் மூக்குக்கும் நாக்குக்கும்தான் சம்பளம்.
கேன் மூடியைத் தூக்கும்போதே சொல்லிவிடுவேன்:
நேற்றுச் சாயங்காலப் பால், திருப்பி அனுப்பு.
இருபத்திரண்டு வருஷம்.
அந்த நாக்கைத்தான் இன்றைக்குப்
புளிப்பைத் தேடிக் கூட்டி வந்திருக்கிறேன்.

ஏழரைக்கு இறக்கியது முதல் கிளாஸ்:
நுங்குத்தோல் வாசம், பல்லில் ஒட்டும் தித்திப்பு,
நுரைமேல் ஓர் எறும்பு, சந்தோஷமாகச் செத்தது.
பதினொன்றரைக்கு அதே கள்
அதே கள் இல்லை.
இனிப்பு எழுந்துபோய்
நாற்காலியில் புளிப்பு உட்காரும் முன்னே
ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது.
அதைக் குடிக்கத்தான்
பஸ் ஏறி வருகிறோம்.

தொட்டுக்கொள்ள மத்திக் குழம்பும் கொள்ளியும்.
நமக்குக் குச்சிக்கிழங்கு, இவர்களுக்குக் கொள்ளி.
“சாவு வீட்டுப் பேரைச் சொல்லிச்
சோறு போடறானுங்க” என்று
ஆறுச்சாமி மூன்றாவது தட்டு கேட்டார்.

கிளம்பும்போது ஒரு பாட்டில் கட்டச் சொன்னார்.
வழியிலேயே வயசாயிரும் என்றேன்.
ஈரத்துண்டில் சுத்திக்கலாம் என்றார்.
குடித்த ஆம்பளையிடம் பாக்டீரியா பற்றிப் பேசக்கூடாது.

எல்லை தாண்டியதும் பஸ்ஸை மறித்து
ஏறினார் ஒரு போலீஸ்காரர்.
பை என் மடியில்.
முதலில் பாம்பு மாதிரி சீறியது,
பிறகு டப்.
தக்கை கூரையில் மோதி
டிரைவர் பக்கம் உருண்டது.
ஆறுச்சாமியின் வெள்ளைச் சட்டை
நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

“என்னம்மா அது?”
“மோருங்க.”
சொசைட்டி முத்திரை குத்திய குரலில் சொன்னேன்.
குனிந்து மோந்தார்.
பின்சீட்டில் யாரோ இருமலை அடக்கினார்கள்.
“நல்லாப் புளிச்சிருச்சு போல,”
சொல்லிவிட்டு இறங்கினார்,
மீசையில் நுரை இல்லாத குறைதான்.

வீட்டில் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் மிச்சம்.
ஒரு சொட்டு வைத்தேன்.
திருப்பி அனுப்பு, என்றது நாக்கு.
கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

சட்டையை மட்டும்
வியாழக்கிழமை வரைக்கும்
துவைக்கப் போடவில்லை அவர்.
நானும் கேட்கவில்லை.