ஒன்பதாம் படலம்

ஆத்தூர் சாலையில் அந்த சேகோ ஆலை.
வாசலுக்கு முன்பே வந்துவிடுகிறது வாசனை,
புளித்த மோரும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல.
தொட்டிகளில் கிழங்குப்பால் தெளிந்துகொண்டிருந்தது.
இரண்டு கிலோ மாவு போதும் என்றேன்.
லோடு கணக்கில் விற்றே பழகிய செங்கோடன்
சின்னத் தராசைத் தேடியெடுத்துத் துடைத்தார்.
"பாயசத்துக்குங்களா?"
"பேட்டரிக்கு."
தலைக்குமேல் சுழன்ற மின்விசிறியை ஒருமுறை பார்த்தார்,
பிறகு என்னை.
காசு வாங்க மறுத்துவிட்டார்.
"எரிஞ்சா சொல்லுங்க."

உப்புக்கு இன்னொரு திசை.
ரயில் நிலையத்துக்கே கல்லின் பெயர் வைத்த ஊர் இது.
வெள்ளைக்கல் ஒரு துண்டை இடித்து
வினிகரில் போட்டுச் சூடு காட்டினால்
முணுமுணுத்துக்கொண்டே கரைகிறது
மலை.

எண்பது டிகிரியில் மாவு மனம் மாறும்.
கஞ்சி காய்ச்சிய எவருக்கும் தெரியும் அந்தக் கணம்,
கரண்டி திடீரென்று கனக்கும்,
பால் கண்ணாடியாகும்.
அதில் உப்பு, ஒடியாதிருக்கக் கொஞ்சம் கிளிசரின்.
வட்டத் தட்டில் ஊற்றி இரண்டு நாள் உலர்த்தினால்
படலம்.

கண்ணை மறைப்பதையும் படலம் என்கிறோம்,
காவியத்தின் ஒரு பகுதியையும்.
என் நோட்டில் எட்டுப் படலங்கள் முடிந்திருந்தன,
ஒன்றிலும் விளக்கு எரியவில்லை.
முதலாவது மார்ச் வெயிலில் அப்பளமாய் நொறுங்கியது.
ஐப்பசியில் ஒன்று, ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஈரத்தைக் குடித்து
மறுபடி கஞ்சியானது.
மற்றவற்றைச் சொல்ல வேண்டாம்.
எட்டாவதில் பூஞ்சை,
பச்சையும் சாம்பலுமாக,
மேகம் படிந்த சேர்வராயன் ஒரு விரற்கடை உயரத்தில்.

"தூக்கிப் போடு" என்றாள் ஷர்மிளா பானு.
துறைத்தலைவர் பதிவேட்டில் 'தோல்வி' என்று எழுதி
தேதியும் போட்டார்.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பழைய இரும்புக் கடையில்
வயிறு ஊதிக் கிடக்கின்றன செத்த போன் பேட்டரிகள்.
பூஞ்சை தொடாது,
நாயும் மோந்து பார்க்காது.
இதையோ ஒரு உயிர்
சோறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.
கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.
எனக்கு வேண்டியது
கெடு முடியும்வரை கெடாத ஒன்று,
முடிந்ததும்
கெடத் தெரிந்த ஒன்று.

ஒன்பதாவதில் கிராம்பு எண்ணெய் ஒரு துளி.
ஆய்வகம் முழுக்கப் பல்வலி வாசனை.
ஓரத்தை நகத்தால் நெம்பினேன்,
வெங்காயத் தோலாய் உரிந்து வந்தது.
வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது.
ஆனால் உள்ளே நெரிசல்.
ஐந்து ரோட்டில் இறங்க வேண்டியவர்கள்
டவுன் பஸ்ஸில் படிக்கட்டுக்கு நகர்வதுபோல
ஒரு சங்கிலி கொஞ்சம் அசைந்து கொடுத்தால்தான்
ஓர் அயனிக்கு
அடுத்த அடி.

வியாழக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை.
மீட்டர்கள் செத்துக் கிடந்தன.
மெக்னீசியத் தகடு, படலம், கரிப்பூச்சு,
மறுபடி தகடு, படலம், கரிப்பூச்சு.
அடுக்கி, துணி கிளிப்பால் கவ்வினேன்.
சிவப்பு எல்.இ.டி.யின் கால்களை வைத்தேன்.
கால் மாற்றி வைத்தேன்.

கடுகளவு சிவப்பு.

ஷர்மிளா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
போனில் நேரம் போட்டாள்.
நாங்கள் எதுவும் பேசவில்லை.
நடுவில் ஒருமுறை அவள் தும்மலை அடக்கினாள்.

அணைந்ததும் பிரித்து
படலத்தை மட்டும் ஜன்னலோரச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன்.
பதிவேட்டுக்குத் தலைவர் வரவேண்டும்.
செங்கோடனுக்குப் போன் போட்டேன்.
பின்னால் அரவை எந்திரம் இரைந்தது.
"எரிஞ்சுதுங்க."
"எவ்ளோ நேரம்?"
"பத்தொன்பது நிமிஷம்."
எந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"அதுக்குள்ள பாலே தெளியாதுங்களே."
"தெளியாது."
"மாவு வேணுமா இன்னும்?"
ஐந்து கிலோ என்றேன்.
"இந்த வாட்டி காசு வாங்கிக்குவேன்"
என்றார்.