இடது காதின் பட்டியல்

பத்து ஆல்பம் கேட்டிருக்கிறாய், ஜுலைகா,
எண் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள்.
என்னிடம் நாலரைதான் தேறும்.

அதற்கு முன் ஒரு வாக்குமூலம்:
மாசியில், மண்டபம் ஜெட்டியில்
தண்ணீருக்குள் விழுந்தெழுந்த இயர்போனுக்கு
வலது பக்கம் செத்துவிட்டது.
வாங்கணும் வாங்கணும் என்றே வருஷம் போனது.
ஆக, இது இடது காது சொல்வது.

அந்த லிஸ்பன்காரியின் எழுபது நிமிடம்,
ஒரே சுரம், நகரவே நகராது.
சீனியப்பா தர்கா நிறுத்தத்தில் நின்று கேட்டேன்.
அது நகர்ந்துவிட்டதென்று எனக்கு உறைத்தபோது
பஸ் போயிருந்தது.
அதற்கு ஓர் இடம் உண்டு.
எத்தனையாவது என்று கேட்காதே.

ஃபேக்ஸ் மெஷினை அழவிட்ட வார்சாக்காரன்:
ஒருமுறை கேட்டேன், போதும்.
ரெய்மண்ட் கர்வாலோ எட்டிப் பார்த்து
"எக்கோ சவுண்டர் ரிப்பேரா?" என்றான்,
நிஜமான அக்கறையோடு.
அதற்காகவே சேர்த்திருக்கிறேன்.

இன்னொன்றைப் பதினோரு இரவு போட்டு
பதினோரு இரவும் தூங்கினேன்.
பெயர் நினைவில்லை. நல்ல ஆல்பம்.

அரை என்றது உன்னுடையதை.
முறைக்காதே, முடிக்காமல் அனுப்பியது நீ.
பாம்பன் பாலத்தடியில் மைக்கை இறக்கிப் பிடித்த
அந்தக் கடுகு பொரியும் சத்தம்,
இறால் என்றாய்.
அன்றிரவு இறால் தொண்டையில் இறங்கவில்லை.

சிக்கல் முதலிடத்தில்தான்.
பெயரில்லாத ஆள், அட்டை வெறும் சாம்பல்.
இடது காதில் ஒரு துடிப்பு,
நாலுக்கொருமுறை பிசகி விழும்.
வலது காதில் எங்கள் அமோனியா கம்ப்ரசர்.
ஒன்றை ஒன்று துரத்தும், முட்டும், விலகும்;
உப்புத்தொட்டியில் ஐஸ் கேன்கள்
லேசாக இடித்துக்கொள்ளும்.
விடிகாலை மூன்று மணி,
முந்நூறு பார் உறைந்துகொண்டிருக்க
மீட்டர் பலகை முன்னால்
ஆடியிருக்கிறேன்.
யாரிடமும் சொல்லிவிடாதே.

தடைக்காலம். அறுபத்தொரு நாள்.
விசைப்படகுகள் கரையில், கம்ப்ரசர் மௌனம்.
ஆல்பமும் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடியது.
ஃபைல் கெட்டதென்று அழித்தேன்.
ஆனி பிறந்து மெஷின் ஓடியதும்
மறுபடி இறக்கிக் கேட்டேன்:
முழுசாக இருந்தது.

நேற்று மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கடலுக்கு ஆளில்லை, பிளாண்டில் வேலையில்லை,
ராமநாதபுரம் போய்ப் புது இயர்போன் வாங்கினேன்.

வலது பக்கம் ஒரு பியானோ, ஜுலைகா.
வருஷம் முழுக்க யாரோ அங்கே
பொறுமையாக வாசித்தபடி இருந்திருக்கிறார்கள்.
குறை சொல்ல முடியாத பியானோ.
கூப்பிடாமல் வந்து நடுவீட்டில் உட்கார்ந்த
சம்பந்தியைப் போல.

முதலிடத்தில் இப்படி எழுதிக்கொள்:
சாம்பல் அட்டை, இடது பாதி மட்டும்.
கூட, மண்டபம் வடக்கு, இரண்டாம் கம்ப்ரசர்,
பெல்ட் மாற்றுவதற்கு முன்.

திங்கட்கிழமை மாற்றுகிறார்கள்.
கூண்டு இறங்கினால் ஞாயிறு இரவு ஓடும்.
ஷிஃப்ட் எனக்குத்தான்.
மைக்கை எடுத்து வா.