நேரம் பார்ப்பவன்

பகலில் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறேன்.
வெள்ளிக்கிழமை இரவுகளில்
பள்ளி ஜிம்மில் கடிகாரத்தின் முன் உட்காருகிறேன்.
இரண்டும் ஒரே வேலைதான்:
எண் எங்கே நிற்கிறதோ
அங்கேயே அதை நிற்கவிடுவது.

வடக்கு டகோட்டாவில் வெர்னா எங்கள் ஊர்.
காரில் போகிறவர் ஒரு தும்மல் போட்டால்
எங்களைப் பார்க்காமலே போய்விடலாம்.
உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள்.
ஆட்டம் என்றால் ஜிம்மில் நானூறு பேர்.
கணக்கு உதைக்கிறதா?
பனியில் அறுபது மைல் ஓட்டி வந்து,
எஞ்சினை அணைக்க பயந்து
ஓடவிட்டே உள்ளே வருகிறவர்களையும் சேருங்கள்.

தொண்ணூற்றெட்டு, பிப்ரவரி.
எதிரணி டன்லோ.
ஒரு புள்ளி நாங்கள் முன்னால்.
மீதி இரண்டு நொடி, பந்து அவர்களுடையது.
கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து
ஆட்டக்காரி கையில் பட்ட பிறகுதான்
நேரம் ஓடவேண்டும். விதி அது.
என் கட்டைவிரல்
பந்து காற்றில் இருக்கும்போதே ஓடவிட்டது.

வேண்டுமென்றா?
இருபத்தாறு வருஷமாக அந்த விரலைக் கேட்கிறேன்.
அது என் கையில்தான் இருக்கிறது,
பதில் சொல்வதில்லை.

சங்கு ஊதியபோது
பந்து கரின் ஓஸ்டர் விரல்நுனியில் இருந்தது.
பிறகு வளையத்துக்குள் இருந்தது.
நடுவர் இரு கையையும் குறுக்கே வீசினார்: செல்லாது.
என்னை யாரோ தோளில் தூக்கினார்கள்,
நான்தான் ஆடியதுபோல.
கோப்பை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.
அதைத் துடைக்கும் வாரம் வந்தால்
எனக்கு முதுகுவலி வந்துவிடும்.

பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள்.
இங்கே நாலு பேர், அங்கே மூன்று பேர்;
ஐந்து பேர் இல்லாமல் கூடைப்பந்து ஏது?
இரண்டு ஊரும் ஒரே அணி என்றார்கள்.
எங்கள் சிவப்பா, அவர்கள் நீலமா என்று
மூன்று கூட்டம் போட்டுக் கத்தி
கடைசியில் சாம்பல் நிறம் எடுத்தோம்.
யாருக்கும் பிடிக்கவில்லை,
அதனால் யாருக்கும் வருத்தமில்லை.

கோச் ட்ரூடி வோல்க் அல்ஜீப்ரா எடுக்கிறாள்,
பேருந்தும் அவளே ஓட்டுகிறாள்.
மாடுகள் கன்று ஈனும் மாதத்தில்
பயிற்சிக்கு மூன்று பேர்தான் வருவார்கள்,
வருகிறவள் சட்டையிலும் வைக்கோல்.
"தூங்கினாயா?" என்பாள் கோச்.
"இரட்டைக் கன்று" என்பது விடை.
அதற்குமேல் கேள்வி கிடையாது.

புள்ளிப் புத்தகம் எழுதுவது கரின்.
என் இடது முழங்கைக்குப் பக்கத்து நாற்காலி.
மூன்று பருவமாக ஒரே தெர்மாஸில் காப்பி குடிக்கிறோம்,
தொண்ணூற்றெட்டைத் தவிர எல்லா வருஷத்தையும் பேசுகிறோம்.
அவள் மகள் சுனிவா
பதினொன்றாம் எண், இடக்கைக்காரி.

நேற்று மாவட்ட இறுதி ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னால். இரண்டு நொடி.
பந்து நமது.
சுனிவா மூலையில் கை நீட்டி நின்றாள்.
என் கட்டைவிரல் வியர்த்தது.
இந்த முறை தாமதிக்கலாம்.
அரை நொடி.
ஒரு தும்மலுக்கும் குறைவு.
கடனை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும்.
யார் கண்டது?

பந்து அவள் கையைத் தொட்டது.
அழுத்தினேன்.

அவள் எறிந்தாள்.
வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி
எட்டிப் பார்த்துவிட்டு வெளியே விழுந்தது.
சங்கு.
எதிர்ப்பக்கம் கூரை பிய்ந்தது.
சுனிவா சட்டையின் கழுத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்;
கோச் போய் அவள் அருகில் நின்றாள், அவ்வளவுதான்.

கரின் பென்சிலால் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்.
கூட்டிச் சரிபார்த்தாள்.
தலை நிமிராமல்,
"இந்த முறை சரியாக அழுத்தினாய்" என்றாள்.

பெஞ்சுகளை மடிக்கும் சத்தம்.
யாரோ பாப்கார்ன் பெருக்குகிறார்கள்.
கடிகாரத்தின் வயரைச் சுருட்டினேன்,
அவிழ்ந்துவிட்டது, மறுபடி சுருட்டினேன்.

அவள் ரப்பர்த் தூளை ஊதிவிட்டு
கோதுமை என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டாள்.
சொன்னேன்,
கடைசிக் காசு வரைக்கும்.