மூன்றாம் கட்டத்தில் ஒரு குறி

அடைப்பான் என்பது கட்டைவிரல் அளவு பித்தளை.
பொருத்த ஏழு நிமிடம்.
நாய் இருந்தால் பத்து.

கிராஸ்மூர் மேட்டில், எண்களே பெயராக உள்ள தெருக்களில்
அந்தச் செவ்வாய்க்கிழமை பதினான்கு வீடு முடித்தேன்.
படிவத்தில் மூன்று கட்டம்:
மீட்டர் எண். பாக்கித் தொகை.
முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டதற்கு ஒரு குறி.
மூன்றாவதை வேனிலேயே போட்டுவிடுவோம்
பதினான்குக்கும் சேர்த்து, தேநீர் ஆறுவதற்குள்.
யாரும் கேட்டதில்லை.

பன்னிரண்டாவது வீடு டொரீன் மாரிமுத்துவுடையது.
உள்ளே, இடுப்புக்குக் கீழ் அசைவில்லாத மகன்.
அவள் சண்டை போடவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லி
வாளி, குண்டான், பழைய ஐஸ்கிரீம் டப்பா,
பூச்சாடி வரைக்கும் நிரப்பினாள்.
நான் ஸ்பேனரைப் பிடித்தபடி காத்திருந்தேன்.
அதையே இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஞானஸ்நானம்.
தொட்டி ஆயிரத்து எண்ணூறு லிட்டர் பிடிக்கும்,
எனக்குத் தெரியும், குழாய் போட்டவன் நான்.
முழுகியது ஒரே ஒருவன், வங்கியில் வேலை பார்க்கிற பையன்.
எல்லாரும் அல்லேலூயா சொன்னோம்.
பிறகு அடியில் இருந்த தக்கையை நான்தான் பிடுங்கினேன்.
அவ்வளவும் சாக்கடைக்குள் இறங்கி முடிய
நெடுநேரம் ஆனது.

அன்று வாசித்த வசனம் தாகத்தைப் பற்றியது என்றால்
கதை கட்டுகிறேன் என்பீர்கள்.
இல்லை. வாசித்தது தசமபாகம் பற்றி.
தாகம் எனக்குத் தானாக வந்தது,
மதியம், பிரெயானிக்கு நடுவில்.

இருபது லிட்டர் கேன் நான்கு.
மூன்றாம் மாடிப் படியில் வலது தோள் விட்டுப்போனது.
டொரீன் வாசலை விட்டு நகரவில்லை.
அவளுக்குப் பின்னால், ஏற்கனவே தண்ணீர் இருந்தது:
தகரக் குடிசைச் சரிவின் பொதுக்குழாயிலிருந்து
புசிசிவே ம்கிசே தலையில் சுமந்து ஏற்றியது.
அந்தக் குழாய்க்கு நூறு குடும்பம் வரிசை நிற்கும்.

"தண்ணீர் இருக்கிறது வின்சென்ட். உன்னிடம் இருப்பது வேறு."
ஒரு தாளை நீட்டினாள்.
என் படிவம். என் கையெழுத்து. மூன்றாம் கட்டத்தில் என் குறி.
"இது பொய் என்று நீ ஒருவன்தான் சொல்ல முடியும்.
கேனைக் கீழே வை. கோர்ட்டுக்கு வா."

கீழே வைத்தேன். மறுபடி தூக்கினேன்.
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, இன்னும் திருகினேன்.
கொடுப்பது எவ்வளவு சுலபம்.
கொடுத்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

போதகர் சொன்னார்: அதிகாரத்துக்கு அடங்கி நடக்கவேண்டும் சகோதரா,
ஜெபிப்போம்.
ஜெபித்தோம். தோள் வலித்தது.
என் மனைவி எட்னா சொன்னாள்:
வேலை போனால் நம் குழாயை அடைக்க யாரை அனுப்புவார்கள்?
சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்,
காலரை இரண்டு தடவை.

டர்பனில், ஜன்னல் திறக்காத ஓர் அறை.
வலது கையை உயர்த்தச் சொன்னார்கள்.
ஏறவில்லை. இடது கையால் தாங்கித் தூக்கினேன்.
முன்னறிவிப்பு கொடுத்தீர்களா?
இல்லை.
பதினான்கு வீட்டுக்குமா?
பதினான்கு இல்லை ஐயா. ஒன்பது வருடம்.
தட்டச்சு செய்தவள் நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.

ஆணை வந்த வியாழன், எனக்கு வேலை போன மறுவாரம்,
அடைப்பானைக் கழற்ற வேறொருவன் வந்தான்.
இடப்பக்கம் திருப்பு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினேன்.
குழாய் இருமியது.
முதலில் காற்று. பிறகு துரு. பிறகு தேநீர் நிறம்.
தெளிந்ததும் டொரீன் ஒரு டம்ளர் பிடித்து
மகனிடம் கொண்டுபோனாள்.
எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.
உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:

"மூடு அதை, வின்சென்ட்.
மீட்டர் ஓடுகிறது."