மாலை ஆறு மணி வரை

கல்யாண மண்டபத்தில்தான் அடைத்தார்கள்.
நேற்றைய மாப்பிள்ளையின் பெயர்
தெர்மாகோல் எழுத்தில் இன்னும் சுவரில்.
பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது.
"பேசாம உக்காருங்க, ஆறு மணிக்கு விட்ருவோம்"
என்றார் ஏட்டம்மா எஸ்தர் ராணி,
மடியில் பதிவேட்டை விரித்தபடி.

பெயர். தகப்பன் பெயர். வயசு.
இனிஷியல் என்ன என்றார்.
க. என்றேன்.
கே-வா?
க. என்றேன் மறுபடி.
நிமிர்ந்தவர் என் விரல்களைப் பார்த்தார்.
பெரம்பூர் ஸ்டேஷன் பலகைக்குப் பூசிய தார்
நகக்கண்ணில் ஏறியிருந்தது.
க. என்றே எழுதினார்.

முன்வரிசையில் ஜமீலுதீன்,
வீட்டில் உருது, வீதியில் தொண்டை கிழியத் தமிழ்.
பக்கத்தில் வியாசர்பாடி நரசிம்மலு.
சாமி கும்பிடுவது தெலுங்கில்,
சர்க்காரைத் திட்டுவது தமிழில்.
காலையில் வேனில் ஏற்றும்போது
யாரும் யாருடைய அம்மாவின் பாஷையையும் கேட்கவில்லை.
ஒரே அளவில் தைத்த கோஷம்
எல்லோருக்கும் பொருந்தியது,

ஒருவனைத் தவிர.
அறுபத்துமூன்றாவது ஆள்.
ஸ்டேஷன் வாசலில் வேடிக்கை பார்த்தவனை
லத்தி பொதுவாகத் தள்ளியதில்
வேனுக்குள் விழுந்திருக்கிறான்.
சிமெண்டு படிந்த பேண்ட், கையில் சாப்பாட்டுத் தூக்கு.
ஏட்டம்மா தமிழில் கேட்டார்.
அப்புறம் சத்தமான தமிழில் கேட்டார்.
அவன் கைகூப்பினான்.

"யாருக்காச்சும் ஹிந்தி தெரியுமா?"

மண்டபமே சிரித்தது.
பிறகு எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும்.
சூரத் துணி ஆலையில் நாலு வருஷம்
'ஏ மதராசி' என்ற குரலுக்குத்
திரும்பித் திரும்பிக் கழுத்து கற்ற பாஷை.
எழுந்தபோது முழங்கால் சத்தம் போட்டது.
ஜமீலுதீன் குனிந்துகொண்டான்.
அவனுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பிந்தேஷ்வர் மண்டல். அப்பா ராம்சாகர். இருபத்திரண்டு.
தர்பங்கா பக்கத்துக் கிராமம்.
நான் சொல்லச் சொல்ல ஏட்டம்மா எழுதினார்.
அவன் என் விரல்களையே பார்த்தான்.
என்ன அழித்தீர்கள் என்றான்.
உங்கள் எழுத்தை, என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.
அது பள்ளிக்கூடத்து எழுத்து அண்ணா.
வீட்டுப் பேச்சுக்கும் தனியாக ஒன்று இருந்ததாம்,
படிக்கத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை.
'பானி' என்றால் வாத்தியார் தண்ணீர் தருவார்.
வீட்டில் அது 'பாய்ன்'.
வாய் தவறி
வீட்டுத் தண்ணீரைக் கேட்ட பையன்
மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றான்.

"என்ன சொல்றான்?" என்றார் ஏட்டம்மா.

தண்ணி கேக்கறான், என்றேன்.

ஆறு மணிக்கு என்றவர்கள் ஆறே முக்காலுக்கு விட்டார்கள்.
புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல்
தூக்குக்குள் வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் பெரம்பூர் என்று கைகாட்டிக் கேட்டுப் போனான்.
"நாளைக்கு எட்டரைக்கு" என்றான் நரசிம்மலு.
வருகிறேன் என்றேன். வருவேன்தான்.

மண்டபத்துக் குழாயடியில் நின்று
யாரும் இல்லாதபோது ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்,
பாய்ன்.
குழாய் கொஞ்சம் இருமிவிட்டு ஊற்றியது.
தார் போகவில்லை.
அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும்.