அறை 407

எர்மோசியோவில் இரவு பதினொன்று.
வெளியே இன்னும் முப்பத்தெட்டு டிகிரி.
அக்டோபர் வரை இந்த ஊரில் இரவும் பகல்தான்.
பதிவுத்துறைக் கட்டடத்தின் ஒன்பது மாடிகளையும்
எட்டு மணிக்கே அணைத்துவிட்டேன்.
மிச்சம் பிடித்த யூனிட்டுகளை
மாதக் கடைசியில் கூட்டிக் காட்டுவதற்குத்தான் சம்பளம்.

ஆளில்லாத அறையில் கரியமிலவாயு மெல்ல இறங்கும்.
எண்ணூறு, அறுநூறு, நானூற்றிருபது.
அது தெருவின் எண். அங்கே வந்து நின்றுவிடும்.
407 மட்டும் இறங்கவில்லை.
ஏறுகிறது.

கூரையிலிருக்கும் அசைவு உணரி, யாருமில்லை என்கிறது.
சுவரிலிருக்கும் வாயு உணரி, ஒருவர் என்கிறது.
இரண்டுக்கும் பொய் சொல்லத் தெரியாது.
அதற்குக் கை கால் ஆட்டிக் காட்ட வேண்டும்;
இதற்கு மூச்சு போதும்.
ஆக, யாரோ தூங்குகிறார்கள்.

காவலாளி வெனான்சியோவை அழைக்க ஃபோனை எடுத்தேன்.
எங்கள் தெருவில் இந்த வாரம்
மூன்று மின்மீட்டர்களுக்கு மஞ்சள் சீல்.
போன வருடம் என்னுடையதற்கு.
நனைத்துப் போர்த்திய போர்வை
விடிவதற்குள் மூன்று முறை காய்ந்தது.
ஃபோனை வைத்தேன்.

நாலாம் மாடிக் காற்றுத்தடுப்பைப்
பதினைந்து சதவீதம் திறந்து
விசிறியைப் பாதி வேகத்தில் விட்டேன்.
விசிறியின் கணக்கு விசித்திரமானது:
வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும்.
இரக்கம் இவ்வளவு மலிவாக
வேறெங்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.
வெப்பநிலை இருபத்தெட்டு. அதற்குக் கீழே
எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஐந்து நாற்பதுக்கு எண் இறங்கத் தொடங்கியது.
லிஃப்ட் மீட்டரில் சலனமே இல்லை.
படிக்கட்டுதான்.

இப்படியே பதினேழு இரவுகள்.
சனிக்கிழமைகளில் எண் கொஞ்சம் கூடும்.
ஒரு ஆளுக்கு மேல், இரண்டு ஆளுக்குக் குறைவு.
நெடுநேரம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு
காற்றுத்தடுப்பை இருபத்திரண்டாக்கினேன்.

மாத அறிக்கையில் கணக்கு உதைத்தது.
குறிப்பில் எழுதினேன்: 407, உணரி பழுது.

எழுதினால் ஆள் அனுப்புவார்கள் என்று
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
சிலிண்டரும் குழாயுமாக பொஹோர்கேஸ் வந்தார்.
உணரிக்குள் வாயுவைச் செலுத்தினார்.
"துல்லியமாக இருக்கிறதே" என்றார்.
கருவியைத் துடைத்துப் பைக்குள் வைக்கக் குனிந்தவர்
கோப்பு அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்:
தட்டையாக மடித்த அட்டைப்பெட்டி,
அதன் ஓரத்தில் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர்.

நிமிர்ந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
படிவத்தை முழங்காலில் வைத்து
அழுத்தி எழுதினார், மூன்று நகலிலும் விழும்படி:

பழுது உறுதி.
உதிரிபாகம் வரவேண்டும்.
அக்டோபர் ஆகும்.